அண்ணப்பிளவு அறுவை: ஐந்து வயதுப் பேச்சையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்கு நடந்த இலவச அறுவை முகாம் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரண்டு படங்கள். எல்லா அறுவைகளும் வெற்றி என்று துணைத்தலைப்பு. முகாம் நடத்தியவர்கள் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தக் குழந்தைகளில் சிலருக்கு உதட்டோடு நிற்கவில்லை, வாயின் மேற்கூரையான அண்ணமும் தைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தியிலேயே இருக்கிறது. தையல் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத அண்ணத்தை வைத்து யாரும் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அது தெரிய அந்தக் குழந்தை பேச வேண்டும். அதற்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. என் மகள் இரண்டு பிளவுகளோடும் பிறந்தவள். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள் என்று சொன்னாள்.

உலகத்தில் ஏறக்குறைய 700 பிரசவத்துக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. இந்தியாவில் மட்டும் வருடத்துக்கு 30,000க்கு மேல். அவள் பிறந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே போனேனா, அரிவாள்மனையைத் தொட்டேனா என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லாத அளவுக்குப் பால் புகட்டுவதே பெரும்பாடாக இருந்தது. பிளவுள்ள அண்ணத்தால் குழந்தைக்கு உறிஞ்ச முடியாது. மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்கன்னத்தில் விட வேண்டும். என் மாமியார்தான் பொறுமையாக அதைச் செய்தார்.

உதட்டு அறுவை நாலாம் மாதம் நடந்தது, நன்றாக ஆறியது. தழும்பு இன்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சொந்தக்காரர்கள் எல்லோரும் 'முடிஞ்சுபோச்சு, இனி என்ன' என்றார்கள். ஊர் பார்வையில் இந்தக் குறை என்பது முகத்தில் இருப்பது. முகம் சரியானால் கதை முடிந்தது. தங்கள் செய்தியும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் முடிகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணம் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். வாயின் மேற்பகுதியில் முன்பகுதி எலும்பு, பின்பகுதி வெறும் தசை. 'ப' என்று சொல்லும்போது அந்தத் தசை மேலே எழும்பி, தொண்டையின் பின்சுவரை ஒட்டி, மூக்குக்குப் போகிற வழியை அடைக்கிறது. காற்று முழுக்க வாயில் சேர்ந்து உதட்டைத் திறந்துகொண்டு வெளியே வெடிக்கிறது. 'ம' சொல்லும்போது அதே தசை கீழே தொங்குகிறது, காற்று மூக்கு வழியே போகிறது. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது, வித்தியாசம் பின்னால் இருக்கிறது. மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று நன்னூலில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்த வழி அடைபடாத குழந்தைக்கு வல்லினமே வராது. 'பாப்பா' என்று சொல்ல நினைத்தால் 'மாம்மா' என்று வரும். 'தாத்தா' 'நாந்நா' ஆகும். 'பட்டம்' 'மண்ணம்' ஆகும். 'காக்கா' என்று சொல்லும்போது சின்ன வயதில் என் மகளுக்கு எழுத்தே வராது, தொண்டைக்குள் ஒரு அடைப்பு மட்டும் கேட்கும், அப்புறம் வெறும் 'ஆ'. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று வல்லினமும் மெல்லினமும் ஜோடி ஜோடியாக நிற்கிற மொழியில், இந்த ஒரு தசை எட்டாமல் போனால் ஒரு குழந்தைக்கு அரிச்சுவடியில் பாதி போய்விடுகிறது.

பிளவோடு பிறக்கும் குழந்தைக்கு அந்தத் தசை நடுவில் சேர்ந்திருக்காது. இரண்டு பக்கமும் தனித்தனியாக, எலும்பின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் சவ்வை மட்டும் இழுத்துத் தைத்தால் பார்ப்பதற்கு மூடியிருக்கும், தசை வேலை செய்யாது. தசையை எலும்பிலிருந்து விடுவித்து, திருப்பி, நடுவில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த லெனார்ட் ஃபர்லோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1986ல் வெளியிட்ட முறையில், இசட் எழுத்து வடிவில் வெட்டி மாற்றித் தைப்பதால் அண்ணத்துக்கு நீளமும் கிடைக்கிறது. இப்போது பல இடங்களில் அதைச் செய்கிறார்கள். எந்த முறையாக இருந்தாலும் கையளவு வாய்க்குள், ரத்தமும் மூச்சுக்குழாயும் போட்டி போடுகிற இடத்தில் செய்கிற வேலை அது. லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் மகளுக்கு அண்ண அறுவை ஒரு வயது தாண்டி நடந்தது. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்வது எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது. நன்றாகத் தைத்தாலும் சில குழந்தைகளுக்குத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போகும். பிளவு அகலமாக இருந்து இழுத்துத் தைத்திருந்தால், கிருமி தொற்றினால், உள்ளே ரத்தம் கட்டினால் அது நடக்கும். எலும்பும் தசையும் சேர்கிற எல்லையில்தான் இது அதிகம். அவளுக்கும் அங்கேதான் விட்டது. எனக்கு அது தெரிந்தது ஒரு தயிர்சாதத்தில். சாப்பிட்ட பிறகு தும்மினாள், மூக்கிலிருந்து தாளித்த கடுகு ஒன்று வந்து விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மேலண்ணத்தில் ஒரு பொட்டு அளவுக்கு ஓட்டை.

அதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தையல் நன்றாகத்தான் இருக்கிறது, சின்ன ஓட்டை, வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். பேச்சு? அதுவும் வளர வளரச் சரியாகிவிடும். இப்படி ஓட்டை விழ வாய்ப்பிருக்கிறது என்று அறுவைக்கு முன்னால் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய படிவத்தில் ஆங்கிலத்தில் எங்கேயோ இருந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கத் தேவையில்லை, தானே கரையும் என்று எழுதியிருந்தது. பேச்சுப் பயிற்சி என்ற சொல்லோ, காது பரிசோதனை என்ற சொல்லோ, மூன்று வயதில் மறுபடி வாருங்கள் என்ற ஒரு வரியோ அதில் இல்லை. எனக்குள்ள மனக்குறை ஓட்டை விழுந்ததில் இல்லை. அது யார் கையிலும் விழலாம். விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் அனுப்பியதுதான் எங்களுக்கு மூன்று வருடத்தைத் தின்றது.

அந்த மூன்று வருடமும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பலூன் ஊதச் சொல்லுங்கள், விசில் வாங்கிக் கொடுங்கள், மெழுகுவத்தியை ஊதி அணைக்கச் சொல்லுங்கள் என்றார்கள். படித்தவர்களும் சொன்னார்கள். இதை இன்றும் பல பெற்றோர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஊதினால் ஊதத்தான் பழகும், பேச்சு வராது. ஊதும்போது அந்தத் தசை வேலை செய்கிற விதம் வேறு, பேசும்போது வேலை செய்கிற விதம் வேறு. அண்ணம் நீளம் பத்தாத குழந்தை எவ்வளவு ஊதினாலும் அண்ணம் நீளாது.

மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போன பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. அவர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து மகளின் மூக்குக்குக் கீழே பிடித்தார். 'பாப்பா' சொல்லச் சொன்னார். கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு 'தாத்தா' என்றார். மறுபடியும் ஆவி. அவ்வளவுதான் பரிசோதனை. 'மா' சொன்னால் ஆவி படியலாம், 'பா' சொல்லும்போது படியக் கூடாது, காற்று மூக்கில் ஒழுகுகிறது என்று விளக்கினார். அப்புறம் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். அண்ணம் எட்டாததால் வருகிற மூக்கொலியை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது, அதற்கு அறுவைதான். தொண்டையில் அடைத்து 'காக்கா' சொல்கிறாளே, அது அவளாகப் பழகிக்கொண்டது, அதை எந்த அறுவையாலும் மாற்ற முடியாது, அதற்குப் பயிற்சிதான். இரண்டும் வேண்டும், வரிசையாக வேண்டும். இந்த ஒரு பேச்சை மூன்று வருடம் முன்னால் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால்!

அவர் அனுப்பிய வேறொரு மருத்துவமனையில் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். மகளைப் பேசச் சொல்லிவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அண்ணம் எழும்புகிறது, பின்சுவர் வரை போகிறது, நடுவில் ஒரு இடைவெளி நிற்கிறது. ஒவ்வொரு வல்லினத்துக்கும் அந்த இடைவெளியில் சளிக்குமிழி துடித்தது. முதல் தடவையாக என் கணவர் 'இது பிள்ளை சோம்பேறித்தனமா பேசுறது இல்ல' என்றார்.

இரண்டாவது அறுவையில் ஓட்டையையும் மூடினார்கள், தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு பட்டைத் தசையை எடுத்து அண்ணத்தோடும் இணைத்தார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மருத்துவர் முதல் நாளே ஒரு தாளில் படம் போட்டு, எங்கே வெட்டுவார், எங்கே தைப்பார் என்று காட்டினார். அப்புறம் என்னென்ன தப்பாகப் போகலாம் என்றும் அவரே சொன்னார். ஒருமுறை விழுந்த ஓட்டையை மூடினால் மறுபடி விழ வாய்ப்பு அதிகம், இரவில் குறட்டை வரும், சில குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும், மூக்கு அடைத்த மாதிரி பேச்சு மாறலாம் என்றார். மகளுக்குக் குறட்டை வந்தது. இரண்டு மூன்று வாரம் வீடே அதிர்ந்தது. முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மட்டும் ராத்திரியில் மாறி மாறி விழித்துப் பார்த்தோம். வீக்கம் வடிந்ததும் குறட்டை குறைந்தது. ஒரு பின்விளைவு வந்தும் அந்த மருத்துவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடத்தான் செய்தது.

அதற்குப் பிறகு பயிற்சி ஒரு வருடத்துக்கு மேல் போனது. முதலில் 'ப' மட்டும். அப்புறம் 'பா', 'பி', 'பூ'. அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம். 'க' கடைசியில்தான் வந்தது. வந்த அன்று வீட்டில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கதவு, கட்டில், கரண்டி, காபி. அதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அண்ணத்தைத் தூக்குகிற தசைகளுக்குப் பக்கத்திலேயே, காதுக்குள் காற்றை விடுகிற குழாயைத் திறக்கிற தசையும் இருக்கிறது. அண்ணப்பிளவுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது சரியாக வேலை செய்யாமல் நடுக்காதில் நீர் கட்டும். வலி இருக்காது, சீழ் வடியாது, கேட்பது மட்டும் மந்தமாகும். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கடைசி பெஞ்சில் போட்டிருந்தார்கள். அவன் உதட்டுத் தழும்பைப் பார்த்துத்தான் நான் காது டாக்டரிடம் அனுப்பச் சொன்னேன். உதடு தைத்தது எல்லோருக்கும் தெரியும், காதில் நீர் நின்றது ஒருவருக்கும் தெரியாது.

இன்னும் முடியவில்லை. அண்ணத்துத் தழும்பு மேல்தாடையை வளர விடாமல் பிடித்து இழுக்கும். பல் ஈறிலும் பிளவு இருந்தால் எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும். மகளுக்கு அதுவும் நடந்தது. தாடை அறுவை, மூக்கு அறுவை எல்லாம் வளர்ந்து முடிந்த பிறகு, தேவைப்பட்டால். ஒரு முகாமில் ஒரு நாளில் முடிகிற காரியம் என்று பெற்றோர் நினைத்துவிட்டால் இதில் எதற்குமே திரும்பி வர மாட்டார்கள்.

சரி, வெற்றியை எப்படித்தான் அளப்பது? இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் அரசு அமைத்த குழு ஒன்று 5 வயது, 12 வயதுக் குழந்தைகளை நேரில் பார்த்துப் பேச்சு, பல், முகம் எல்லாவற்றையும் சோதித்து 1998ல் அறிக்கை கொடுத்தது. பலன் மோசம் என்று ஒளிக்காமல் எழுதினார்கள். அப்போது அங்கே 57 இடங்களில் ஆளுக்குக் கொஞ்சமாக இந்த அறுவை நடந்துகொண்டிருந்தது. அதை 8 முதல் 15 மையங்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொன்னார்கள், அப்படியே செய்தார்கள். 2000லிருந்து ஒரு பதிவேடு நடக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து வயதில் பேச்சு எப்படி இருக்கிறது என்று அதில் ஏறுகிறது, வருடாவருடம் வெளியிடுகிறார்கள்.

2023ல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 23 மையங்கள், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகள். பாதிப் பேருக்கு 6 மாதத்தில் அறுவை, மீதிப் பேருக்கு 12 மாதத்தில். ஐந்து வயதில் பார்த்தபோது, பேசும்போது மூக்கு வழியை அண்ணம் சரியாக மூடாதவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 9 பேர், இரண்டாவது கூட்டத்தில் 15 பேர். எந்த மாதத்தில் செய்வது என்பதை குழந்தையின் எடை, ரத்த அளவு, மயக்க மருந்து வசதி எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இதில் கவனித்தது வேறு. அப்படி நல்ல வசதியுள்ள மையங்களிலேயே, கவனமாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகளிலேயே, நூற்றுக்கு இத்தனை பேருக்கு இரண்டாவது உதவி தேவைப்படுகிறது. அப்படியிருக்க ஒரு முகாமில் 'அனைத்தும் வெற்றி' என்றால், ஐந்து வயதில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2013ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் இருக்கின்றன. அந்தக் குழுவினர் பள்ளிக்கு வருடம் ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வருகிறார்கள். எங்கள் பள்ளிக்கும் வருகிறார்கள். பிறவிக் குறையுள்ள குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கவனிக்கிற மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பேச்சு, கேட்புப் பயிற்சியாளர் பணியிடமும் திட்டத்திலேயே உண்டு. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சித் துறையினர் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் ஊர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் கிராமத்திலேயே இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தென்மாவட்டங்களுக்கும் அது வேண்டும். அறுவைக்காக ஒருநாள் கூலியை விடத் தயாராக இருக்கிற பெற்றோரால், ஒவ்வொரு வாரமும் பயிற்சிக்காக பஸ் ஏற முடியாது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வந்தது, அதனால் முடிந்தது. பட்டாசு ஆலைக்குப் போகிற அம்மாவுக்கு முடியாது.

அறுவை செய்கிற ஒவ்வொரு மருத்துவமனையும், முகாமும், டிஸ்சார்ஜ் சீட்டிலேயே தமிழில் நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும்: மூக்கில் சாப்பாடு வந்தால் எங்கே வர வேண்டும், காதை எப்போது பார்க்க வேண்டும், பேச்சை யார், எந்த வயதில் சோதிப்பார், கூப்பிட எந்த எண். ஐந்து வயதில் அந்தக் குழந்தைகளைத் திரும்பக் கூப்பிட்டு எத்தனை பேருக்கு ஓட்டை விழுந்தது, எத்தனை பேர் தெளிவாகப் பேசுகிறார்கள் என்று கணக்கு வைக்கட்டும். அதைப் பெற்றோர் கேட்டால் காட்டட்டும். நான் கேட்ட இடங்களில் ஒருவரும் காட்டவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாம் செய்திக்குத் தங்கள் நிருபர் போகும்போது, போன முகாமில் அண்ணம் தைத்த குழந்தைகள் இப்போது எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். முடிந்தால் அந்தக் குழந்தைகளில் ஒருவரையாவது போய்ப் பார்த்து எழுதுங்கள்.

அந்தச் செய்தியில் படம் வந்த குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால்: மூன்று வயதுக்குள் 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா' தெளிவாக வரவில்லை என்றால் வளர்ந்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். அறுவைச் சீட்டை எடுத்துக்கொண்டு, அரசுத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போங்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
அருப்புக்கோட்டை.